உமிழ்நீரில் சுவாச வைரஸ் பரிசோதனை: வன்னியில் மாதிரி எடுப்போருக்கு முழுமையான வழிகாட்டி

மூக்கின் ஆழம்வரை குச்சி விட்டு எடுக்கும் மாதிரிக்குப் பதிலாக, வாயில் ஊறும் உமிழ்நீரை எடுத்தும் பி.சி.ஆர். (வைரசின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பரிசோதனை) செய்யலாம். நோவு இல்லை. எடுப்பவரின் முகத்தில் நோயாளி தும்முவதும் இருமுவதும் குறையும். கிராமத்துப் பொதுநோக்கு மண்டபத்து விறாந்தையில் வைத்தும் எடுத்துவிடலாம். ஆனால் சுலபமாகத் தெரிகிற இந்த மாதிரி கெடுவதற்கு வழிகள் நிறைய. வாயில் கெடும், குப்பியில் கெடும், ஐஸ் பெட்டியில் கெடும், படிவத்தில் ஒரு வரி விடுபட்டாலும் வீணாகும். ஆய்வுகூடத்துக்கு வந்த பிறகு அவற்றில் எதையும் திருத்த முடியாது.

மாதிரி எடுக்கும் தாதியர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள், சுகாதாரத் தொண்டர்கள், உமிழ்நீர் மாதிரியைப் புதிதாகக் கையாளும் ஆய்வுகூடத்தினர் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வேலையின் ஒழுங்கில்தான். முதலில் ஆட்களைக் கூட்டுகிறார்கள், பிறகு குப்பி தேடுகிறார்கள், கடைசியில் எந்த ஆய்வுகூடம் என்று கேட்கிறார்கள். பின்னாலிருந்து முன்னுக்குத் திட்டமிடுங்கள்: முதலில் ஆய்வுகூடம், அடுத்தது வாகனம், நோயாளி கடைசி.

1. ஆய்வுகூடத்தோடு பேசி முடியுங்கள்

எல்லா ஆய்வுகூடமும் உமிழ்நீரை ஏற்பதில்லை. மூக்குத் தொண்டைத் துடைப்பு மாதிரிக்கு மட்டுமே தங்கள் முறையைச் சரிபார்த்து வைத்திருக்கும் இடத்துக்கு உமிழ்நீரை அனுப்பினால், அது திரும்பி வரும். அல்லது அதைவிட மோசமாக, யாரும் பொறுப்பேற்க முடியாத ஒரு பெறுபேறு வரும். ஆகவே தொலைபேசியில் இவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள்:

எந்த வைரசுக்குப் பார்ப்பீர்கள்? உமிழ்நீருக்கு முறை சரிபார்க்கப்பட்டிருக்கிறதா? எதுவும் கலக்காத உமிழ்நீர் வேண்டுமா, பாதுகாப்புத் திரவம் உள்ள குப்பியா? குறைந்தது எத்தனை மில்லிலீற்றர்? எத்தனை மணிக்குள் கையளிக்க வேண்டும், எந்த நாட்களில் ஏற்கமாட்டீர்கள்?

முதற்கேள்வி ஏன் முக்கியம் என்றால், உமிழ்நீரில் மிக நன்றாகப் பார்க்கப்பட்டது கொவிட்-19 வைரஸ். 2020 ஓகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அவசரகாலப் பயன்பாட்டுக்கு அனுமதித்த யேல் பல்கலைக்கழகத்தின் சலைவா டைரக்ட் முறை அதற்கென்றே அமைந்தது. இன்ஃபுளுவென்சா, ஆர்.எஸ்.வி. என்னும் இன்னொரு சுவாச வைரஸ் ஆகியவற்றையும் உமிழ்நீரில் கண்டுபிடிக்கலாம். ஆனால் அவற்றுக்கு ஆய்வுகூடம் தனியாகச் சரிபார்த்திருக்க வேண்டும். கொவிட்டுக்கு ஏற்கிறார்கள் என்பதற்காக மற்றவற்றுக்கும் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜீன்எக்ஸ்பேர்ட் என்னும் தானியங்கிப் பி.சி.ஆர். இயந்திரம் இருக்கிறது, அதில் போடலாமே என்ற யோசனை அடிக்கடி வரும். மாதிரியை விட்டு அதற்குள் போடும் காட்ரிட்ஜின் கைநூலில் எந்த மாதிரி எழுதப்பட்டிருக்கிறதோ அதை மட்டும் போடுங்கள். தடித்த உமிழ்நீரை அப்படியே விட்டால் உள்ளே அழுத்தம் ஏறி 2008 என்ற பிழை எண்ணோடு ஓட்டம் நின்றுவிடும். மாதிரியும் போச்சு, விலையுயர்ந்த காட்ரிட்ஜும் போச்சு.

மூக்குக்கென்று வந்த விரைவு அன்ரிஜன் பட்டியில் எச்சிலை விட்டுப் பார்ப்பதும் வேண்டாம். வாயில் மிஞ்சியிருக்கும் புளிப்பே அந்தப் பட்டியில் பொய்க்கோட்டைக் காட்டக்கூடும். தேசிக்காய்ச் சாற்றையும் சோடாவையும் விட்டாலே கோடு விழும் பட்டிகள் உண்டு.

2. வாகனத்தை முடிவு செய்யுங்கள்

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 65 முதல் 70 கிலோமீற்றர். வவுனியாவிலிருந்து 140 அளவில். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாகப் போனாலும் 100ஐத் தாண்டும். துணுக்காய், மல்லாவி, நெடுங்கேணிப் பக்கத்து மாதிரிகள் முதலில் ஏ-9 வீதிக்கு வந்து சேரவே நேரம் எடுக்கும். மாதிரி வேறு மாவட்டத்துக்குப் போவதென்றால் வாகனம் எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதுதான் உங்கள் நேர அட்டவணையின் முதல் வரி.

பத்து மணிக்கு வாகனம் என்றால் ஏழு மணிக்கு எடுக்கத் தொடங்குங்கள். காலை மாதிரி வேறு வகையிலும் நல்லது. இரவு முழுக்க சாப்பாடு, தேநீர், வெற்றிலை எதுவும் படாத வாய் அது. வைரசும் அந்த நேரத்தில் கூடுதலாகச் சேர்ந்திருக்கும்.

வெள்ளிக்கிழமைப் பின்னேரம் எடுக்காதீர்கள். திங்கள்வரை மாதிரி எங்கே கிடக்கும் என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் இருந்தால் மட்டும் எடுக்கலாம்.

3. யாரிடம் எடுக்கலாம், யாரிடம் வேண்டாம்

சொன்னதை விளங்கிக்கொண்டு தானாகவே குப்பிக்குள் எச்சில் விடக்கூடியவரிடம் எடுக்கலாம். நோய்க்குறி தொடங்கிய முதல் ஐந்து நாட்கள் நல்ல காலம். இன்ஃபுளுவென்சா என்று சந்தேகித்தால் மூன்று நான்கு நாட்களுக்குள்.

சின்னப்பிள்ளைகளுக்கு இது சரிவராது. ஐந்தாறு வயதுக்குக் குறைந்த பிள்ளை விழுங்கிவிடும், அல்லது நுரையாகத் துப்பும். பஞ்சைக் கடிக்கக் கொடுத்துப் பிழியும் முறையைக் கையிலுள்ள எந்தப் பஞ்சிலும் செய்யக்கூடாது. தொண்டையில் இறங்கினால் மூச்சடைக்கும். அந்த வயதுக்கு மூக்குத் துடைப்பே போதும்.

வாய் உலர்ந்தவர்களை முன்கூட்டியே கண்டுகொள்ளுங்கள். சாதாரணமாக ஒருவருக்கு எந்தத் தூண்டலும் இல்லாமல் நிமிடத்துக்கு 0.3 முதல் 0.4 மில்லிலீற்றர் எச்சில் ஊறும். 0.1க்குக் கீழே போனால் அது வாய் உலர்வு. வயது போனவர்கள், நீரிழிவுக்காரர், மனநல மருந்துகளும் சில ஒவ்வாமை மருந்துகளும் எடுப்பவர்கள் இதில் அடங்குவர்.

வன்னியில் இன்னொரு கூட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும்: சிறுநீரக நோயாளிகள். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ள கிராமங்கள் இருக்கின்றன. இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களில் பலர் ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளந்து குடிப்பவர்கள். வாய் காய்ந்துதான் இருக்கும். "நல்லாத் தண்ணி குடிச்சிட்டு வாங்கோ" என்று எல்லோருக்கும் சொல்கிற அறிவுரையை அவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்குப் பேசாமல் மூக்குத் துடைப்பு எடுங்கள்.

மூச்சுத்திணறல் உள்ளவர், மயக்க நிலையில் உள்ளவர், வாயில் இரத்தம் கசிகிறவர் ஆகியோரிடம் உமிழ்நீர் எடுக்க நிற்கவே கூடாது. அவர்களை வைத்தியசாலைக்கு அனுப்புவதுதான் முதல் வேலை.

மாரி காலத்தில், ஐப்பசி முதல் தை வரை, காய்ச்சல் என்று வருகிற எல்லோரையும் இந்த வரிசையில் நிறுத்தாதீர்கள். டெங்குவும் எலிக்காய்ச்சலும் அதே மாதங்களில்தான் வருகின்றன. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் முதலில் இனங்காணப்படாத காய்ச்சலாக உயிர்களைப் பறித்தது எலிக்காய்ச்சல் என்றே சந்தேகிக்கப்பட்டது. வயலில் இறங்கி வேலை செய்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு இருந்தால் எச்சில் எடுக்கும் மேசைக்குக் கூட்டிவராமல் உடனே வைத்தியரிடம் அனுப்புங்கள். உமிழ்நீர்ப் பரிசோதனை அந்த நோய்களுக்கு எந்தப் பதிலும் தராது.

4. பொருட்களை அடுக்குங்கள்

ஒருவருக்கு ஒன்று வீதம்: திருகு மூடியுள்ள, வாய் அகன்ற, கிருமி நீக்கிய 30 முதல் 50 மில்லிலீற்றர் குப்பி. சிறிய 5 மில்லிலீற்றர் ரியூப் தந்திருந்தால் கூடவே ஒரு சுத்தமான குறுகிய உறிஞ்சுகுழாயோ புனலோ வேண்டும். இல்லாவிட்டால் பாதி எச்சில் ரியூப்பின் வெளியே வழியும். அழுத்திப் பூட்டும் மூடியுள்ள டப்பாக்களை வாங்காதீர்கள். கிரவல் றோட்டுக் குலுக்கலில் அவை திறந்துகொள்ளும்.

இவற்றோடு லேபல், அழியாத மையுள்ள பேனை, அகலமான ஒளிபுகும் ரேப், உறிஞ்சும் தாள், பூட்டுப் பொலித்தீன் பை, ஐஸ் பொதிகள், ஐஸ் பெட்டி, பெட்டிக்குள் வைக்க வெப்பமானி, கையுறை, முகக்கவசம், 70% அற்ககோல், தொற்றுநீக்கித் திரவம், மஞ்சள் கழிவுப் பை.

ஐஸ் பெட்டி பற்றி ஒரு கண்டிப்பான விதி. தடுப்பூசி கொண்டு போகும் பெட்டியையும் தடுப்பூசி வைக்கும் குளிர்சாதனப் பெட்டியையும் மாதிரிக்குப் பாவிக்கக்கூடாது. அவசரத்தில் கைக்கு எட்டுவது அதுதான் என்பதால் இந்தத் தவறு நடக்கிறது. ஒரு மூடி கசிந்தால் அடுத்த நாள் அதே பெட்டியில் குழந்தைகளின் ஊசிமருந்து போகும். மாதிரிப் பெட்டியின் நான்கு பக்கமும் பெரிய எழுத்தில் "நோய் மாதிரி" என்று எழுதி ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

5. முதல் நாளே சொல்லி அனுப்ப வேண்டியவை

அடிப்படை விதி ஒன்றுதான். எடுப்பதற்கு முன் 30 நிமிடம் வாயில் எதுவும் படக்கூடாது: உணவு, தேநீர், தண்ணீர், புகை, மென்று துப்பும் எதுவும். பல் விளக்குவதும் வாய் கழுவும் மருந்தும் இதில் சேரும். உணவுத் துகள் ஆய்வுகூடத்தில் மாதிரியை உறிஞ்சி அளக்கும் பிப்பெற்றை அடைக்கும், குடித்த நீர் வைரஸை ஐதாக்கும், வாய் கழுவும் மருந்து வைரஸை அழிக்கக்கூடும்.

வெற்றிலைக்கு இந்த 30 நிமிடம் போதாது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிற நாடுகளில் எழுதப்பட்ட அறிவுறுத்தல்களில் வெற்றிலை என்ற பேச்சே இருக்காது. இங்கோ வயதானவர்களிலும் வயல், கடல் வேலைக்காரரிலும் பலர் காலையிலேயே வாயில் ஒதுக்கிக்கொள்கிறார்கள். வெற்றிலை போட்ட வாயில் மூன்று கேடுகள் ஒன்றாக நடக்கின்றன. சுண்ணாம்பு கடுமையான காரம், வைரசின் மரபணுப் பொருளான ஆர்.என்.ஏ. காரத்தில் உடையும். அதே சுண்ணாம்பிலிருந்து வரும் கல்சியம், பி.சி.ஆர். நொதியத்துக்கு வேண்டிய மக்னீசியத்தோடு போட்டியிடும். பாக்கின் துவர்ப்புப் பொருட்கள் நொதியத்தையே முடக்கும். போதாக்குறைக்கு, சிவந்த எச்சிலில் இரத்தம் கலந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்கவும் முடியாது.

ஆகவே வெற்றிலை போடுபவருக்கு, "நாளைக்குக் காலமை எழும்பினதும் வெத்திலை போட முதல் வாங்கோ, எடுத்து முடிய நீங்கள் போடலாம்" என்று முதல் நாளே சொல்லுங்கள். விடச் சொல்லாமல் நேரத்தை மட்டும் மாற்றச் சொன்னால் கேட்பார்கள். போட்டுக்கொண்டே வந்துவிட்டால் தண்ணீரால் நாலைந்து தரம் வாயைக் கொப்பளிக்கச் செய்து, 30 நிமிடம் இருத்திப் பாருங்கள். வெள்ளைத் தாளில் துப்பச் சொன்னால் நிறம் தெரியும். இன்னும் சிவப்பென்றால் அடுத்த நாளைக்கு விடுங்கள், அல்லது மூக்குத் துடைப்புக்கு மாறுங்கள். கொப்பளித்த உடனே எடுப்பதும் பிழை. குப்பியில் பாதி தண்ணீராகவே இருக்கும்.

6. ஆள் முன்னால் இருக்கும்போதே லேபல் ஒட்டுங்கள்

வரிசை இதுதான்: ஆளை அழையுங்கள், பெயரை அவர் வாயால் கேளுங்கள், அடையாள அட்டை எண்ணைப் பாருங்கள், எழுதுங்கள், ஒட்டுங்கள், பிறகு குப்பியைக் கையில் கொடுங்கள். "இன்னார்தானே?" என்று கேட்டால் காது மந்தமானவரும் தலையாட்டிவிடுவார். "உங்கட பேர் என்ன அம்மா?" என்று கேளுங்கள்.

நேரத்தை மிச்சம்பிடிக்க முதல் நாள் இரவே முப்பது குப்பிக்கும் லேபல் ஒட்டிவைப்பவர்கள் உண்டு. இரண்டு பேர் வராமல் போனால் வரிசை நகர்ந்து, ஒருவரின் எச்சில் இன்னொருவர் பெயருக்குப் போய்விடும். எல்லாரிடமும் எடுத்து முடித்த பிறகு ஒட்டுவது அதைவிட ஆபத்து.

லேபலை மூடியில் ஒட்டவே கூடாது. ஆய்வுகூடத்தில் மூடிகள் கழற்றப்படும். குப்பியின் உடம்பில் ஒட்டி, மேலே ஒளிபுகும் ரேப்பை ஒரு சுற்று சுற்றுங்கள். ஐஸ் பெட்டியில் வியர்க்கும் ஈரத்திலும் அற்ககோல் துடைப்பிலும் சாதாரண பேனை எழுத்து கரைந்துவிடும்.

பெயர் மட்டும் போதாது. ஒரு கிராம அலுவலர் பிரிவுக்குள்ளேயே ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் உள்ளவர்கள் இருப்பார்கள். முழுப்பெயரோடு அடையாள அட்டை எண், அல்லது பிறந்த திகதி. பிள்ளைக்குப் பாதுகாவலரின் எண்ணும் பிள்ளையின் பிறந்த திகதியும்.

படிவத்தில் விடுபடும் மூன்று இடங்கள்: நோய்க்குறி தொடங்கிய திகதி, மாதிரி எடுத்த மணி, மாதிரியின் வகை. மாதிரி வகையில் "உமிழ்நீர், எதுவும் சேர்க்கப்படவில்லை" என்று தெளிவாக எழுதாவிட்டால், சளி என்று நினைத்து வேறு வழியில் கையாண்டுவிடுவார்கள். தொலைபேசி எண்ணை எழுதும்போது திருப்பி வாசித்துக் காட்டுங்கள்.

7. எடுப்பது

இடம் திறந்த வெளியாக, நிழலாக, காற்றோட்டமாக இருக்கட்டும். மரநிழலோ விறாந்தையோ நல்லது. ஆளுக்கு ஆள் குறைந்தது இரண்டு மீற்றர் இடைவெளி. முகக்கவசத்தைக் கழற்றுவது எச்சில் விடும் நேரத்தில் மட்டும். எடுப்பவர் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில், காற்று வரும் திசையில் நிற்க வேண்டும்.

இனி, மிகக் கூடுதலான மாதிரிகள் கெடும் இடத்துக்கு வருவோம். வன்னியில் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்த துப்பல் பரிசோதனை, காசநோய்க்கு மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் எடுப்பதுதான். அங்கே "துப்பல் வேண்டாம், நெஞ்சுக்குள்ளால இருமிச் சளி எடுங்கோ" என்று சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். இங்கே வேண்டியது நேர் எதிர். நீங்கள் குப்பியைக் கொடுத்தவுடன், சொல்லாமலே காறி இருமிச் சளியைத் துப்புவார்கள். சளி தடித்து இழுபடும், பிப்பெற்றில் ஏறாது. இருமும்போது சுற்றியிருப்பவர்கள் மேலும் தெறிக்கும்.

ஆகவே குப்பியைக் கொடுக்கும் முன் இப்படிச் சொல்லுங்கள்: "ஐயா, இது சயரோகத்துக்கு எடுக்கிற மாதிரி இல்லை. காறாதேங்கோ, இருமாதேங்கோ. வாயில தானா ஊறுற துப்பலை மட்டும் மெல்ல இதுக்குள்ள விடுங்கோ." சொல்லிவிட்டு உங்கள் கையால் சைகையும் காட்டுங்கள்.

ஹொங்கொங் போன்ற இடங்களில் தொண்டையின் ஆழத்திலிருந்து காறி எடுக்கும் உமிழ்நீர் முறையும் பாவிக்கப்பட்டது. அது வேறு முறை. உங்கள் ஆய்வுகூடம் எதற்குச் சரிபார்த்ததோ அதையே செய்யுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

செய்முறை இப்படி. கதிரையில் நிமிர்ந்து இருக்கச் சொல்லுங்கள். இரண்டொரு தரம் விழுங்கட்டும். பிறகு விழுங்காமல் ஒரு நிமிடம் வாயை மூடி வைத்திருக்கட்டும். எச்சில் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் சேரும். தலையைச் சற்றுக் குனிந்து, குப்பியின் விளிம்பைக் கீழுதட்டில் பொருத்தி, வாயைத் திறந்து வழிய விட வேண்டும். துப்பினால் நுரை வரும். நுரை கண்ணுக்கு நிறையத் தெரியும், அடங்கியபின் அடியில் ஒன்றும் இருக்காது. திரும்பவும் ஒரு நிமிடம் சேர்த்து, திரும்பவும் விட வேண்டும்.

எச்சில் ஊறாவிட்டால் காதுக்கு முன்னாலுள்ள கன்னப் பகுதியையும் தாடைக்குக் கீழேயும் விரலால் மெல்ல வட்டமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். உமிழ்நீர்ச் சுரப்பிகள் அங்கேதான் இருக்கின்றன. புளியங்காய், மாங்காய் ஊறுகாய் என்று நினைக்கச் சொன்னாலும் ஊறும். நினைக்க மட்டும்தான்; நாக்கில் எதையும் வைக்கக்கூடாது.

அளவு 1 மில்லிலீற்றர் குறிக்கோள், 2 இருந்தால் நல்லது. குப்பியில் அந்தக் கோட்டை முன்கூட்டியே பேனையால் போட்டுவிடுங்கள். நுரைக்குக் கீழே நிற்கும் நீரின் மட்டத்தைத்தான் அளக்க வேண்டும். ஆய்வுகூடம் பாவிப்பது இதில் சிறு துளிதான். ஆனால் பெறுபேறு செல்லாது என்று வந்தால் அதே குப்பியிலிருந்து திரும்பச் செய்ய மிச்சம் வேண்டும். ஒருவருக்கு 5 முதல் 10 நிமிடம் ஒதுக்குங்கள். 15 நிமிடத்துக்குப் பிறகும் அரை மில்லிலீற்றர் வராவிட்டால் விட்டுவிட்டு மூக்குத் துடைப்பு எடுங்கள். வருத்தத்தோடு வந்தவரை வெயிலில் வைத்து வதைக்க வேண்டியதில்லை.

மூடியை நோயாளியே இறுக்கட்டும். குப்பியின் வெளிப்புறத்தை நீங்கள் அற்ககோலால் துடையுங்கள். உடனே கையுறையை மாற்றுங்கள்.

8. மூடியதும் பாருங்கள்

ஆள் எழும்பிப் போக முன் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல உமிழ்நீர் ஏறத்தாழ நிறமில்லாமல், சற்றுக் கலங்கலாக இருக்கும். சரித்தால் நழுவி ஓடும். சிவப்பு, பச்சை, சோற்றுப் பருக்கை, நூலாக இழுபடும் சளி என்று ஏதாவது இருந்தால் புதுக்குப்பியில் திரும்ப எடுங்கள். இந்த ஒரு நிமிடத்தைத் தவறவிட்டால், அதே ஆளைத் தேடி நாலு நாள் கழித்து மாந்தை கிழக்குக்கோ ஒட்டுசுட்டானுக்கோ திரும்பப் போக வேண்டி வரும். அதற்குள் வைரஸ் குறைந்துவிடும்.

குறைந்த மாதிரியைக் கூட்டுவதற்கு உப்புநீரோ, துடைப்புக் குச்சிகளை அனுப்பப் பாவிக்கும் வைரஸ் கடத்தும் ஊடகமோ சேர்க்காதீர்கள்.

9. பொதி கட்டிக் குளிரில் வையுங்கள்

மூன்று அடுக்கு. முதலாவது குப்பி. அதைச் சுற்றி, முழுத் திரவத்தையும் உறிஞ்சக்கூடிய அளவு தாள். இரண்டாவது, கசியாத பூட்டுப் பை அல்லது திருகு டப்பா. மூன்றாவது, உறுதியான வெளிப்பெட்டி, அதில் யூ.என். 3373 (நோய் மாதிரிப் பொதிகளுக்கான சர்வதேச எண்) அடையாளம். படிவங்களைப் பைக்குள் மாதிரியோடு போடாமல் தனிப் பொலித்தீனில் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். மாதிரி கசிந்தால் நனைந்த படிவத்தை யாரும் தொட முடியாது.

கொவிட் வைரசின் ஆர்.என்.ஏ. எதுவும் கலக்காத உமிழ்நீரிலும் அறைவெப்பத்தில் சில நாட்கள் தாங்கும். ஆனால் அதை நம்பி ஐஸ் இல்லாமல் அனுப்பாதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் பூட்டி நிறுத்திய வாகனத்துக்குள் வெப்பம் அறைவெப்பத்தை எங்கோ தாண்டிப் போய்விடும். மற்ற வைரஸ்களுக்கு அந்தத் தாங்குதிறனை எதிர்பார்க்கவும் முடியாது. வாயிலுள்ள பக்ரீரியாக்களும் சூட்டில் பெருகி மாதிரியைக் கெடுக்கும். ஆகவே 2 முதல் 8 பாகை செல்சியஸ். அந்தக் குளிரில் 72 மணித்தியாலத்துக்குள் பரிசோதிக்க வேண்டும். அதற்கு மேல் தாமதமென்றால் மறை 70 பாகைக்குக் கீழே உறைய வைக்க வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதி அதற்கு உதவாது. மின்சாரம் நின்று வர, மாதிரி உருகி உருகி உறையும். ஒவ்வொரு தரமும் ஆர்.என்.ஏ. கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும்.

உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பொதியை நேராகக் குப்பியோடு ஒட்டி வைக்காதீர்கள், மாதிரி உறைந்துவிடும். வெளியே எடுத்து வைத்து, காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டால் அது 0 பாகைக்கு வந்துவிட்டது, வைக்கலாம். கடை ஐஸ் கட்டிகள் வேண்டாம். உருகிய தண்ணீரில் குப்பிகள் மிதந்து லேபல் கழரும். குப்பிகள் நிமிர்ந்து நிற்கட்டும். பெட்டியைச் சாரதியிடம் கொடுக்கும்போது வெப்பமானி காட்டும் அளவையும் மணியையும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

10. சிந்தினால்

பதறித் துடைக்காதீர்கள். முதலில் தாளோ துணியோ போட்டு மூடுங்கள், அதன் மேல் 0.5% குளோரின் கரைசலை வெளியிலிருந்து உள்நோக்கி ஊற்றுங்கள், 10 நிமிடம் விடுங்கள், பிறகு அள்ளி மஞ்சள் பையில் போடுங்கள். நேரே ஊற்றினால் தெறிக்கும்.

கிணற்றுக்குப் போடும் ரி.சி.எல். பவுடரிலேயே இதைச் செய்யலாம். குளோரின் அளவு 33% உள்ள பவுடர் என்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 15 கிராம். 70% உள்ள வகை என்றால் 7 கிராம். பையில் எழுதியிருப்பதைப் பார்த்து நிறுங்கள்; கண்மட்டத்துக்குப் போடாதீர்கள். தினமும் காலையில் புதிதாகக் கரையுங்கள், வெயில் படாமல் வையுங்கள்.

ஒரு கடும் எச்சரிக்கை. சில நிறுவனங்களின் குப்பிகளில் குவானிடீன் தயோசயனேற்று உள்ள திரவம் முன்பே ஊற்றியிருக்கும். அது சிந்தினால் குளோரின் ஊற்றவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் சயனைட்டு நச்சு வாயு வரும். அந்தக் குப்பிகளைப் பாவிக்கும் நாளில் குளோரின் போத்தலை மேசைக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். தாளால் உறிஞ்சி, நிறையத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள்.

11. ஆய்வுகூடத்துக்குள்

இரண்டாம் வகுப்பு உயிர்ப்பாதுகாப்புப் பெட்டிக்குள் மட்டும் மூடியைத் திறக்க வேண்டும். உறைந்திருந்தால் பனிக்கட்டி மேல் வைத்து உருகவிடுங்கள்.

ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்காமல் நேராகச் செய்யும் சலைவா டைரக்ட் வழி இது: 50 மைக்ரோலீற்றர் உமிழ்நீரோடு, மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம் செறிவுள்ள புரொட்டினேஸ் கே நொதியம் 2.5 மைக்ரோலீற்றர் சேர்த்து, ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, 95 பாகையில் 5 நிமிடம் சூடாக்க வேண்டும். அதிலிருந்து 5 மைக்ரோலீற்றர் பி.சி.ஆர். கலவைக்குப் போகும்.

நொதியம் எதற்கு? அது ஆர்.என்.ஏ.யை உடைக்கும் புரதங்களையும் எச்சிலின் வழுவழுப்பையும் கரைக்கிறது. சூடு எதற்கு? வைரஸை உடைத்துச் செயலிழக்கச் செய்வதோடு அந்த நொதியத்தையும் முடக்குகிறது. சூடு குறைந்தால் மிஞ்சிய புரொட்டினேஸ், பி.சி.ஆர். நொதியங்களையே தின்றுவிடும். இயந்திரத்தின் திரை 95 காட்டினாலும் ஓரக் குழிகள் அந்தச் சூட்டுக்கு வந்தனவா என்று வெப்பமானி வைத்து இடைக்கிடை சரிபாருங்கள்.

பிப்பெற்றை மெதுவாக இழுத்து, ஒரு விநாடி நிறுத்தி, பிறகு தூக்க வேண்டும். எச்சில் நூலாக இழுபட்டால் பக்கத்துக் குழியில் விழும். அங்கிருந்துதான் பொய்த் தொற்றுகள் பிறக்கின்றன. அகன்ற நுனிகள் இருந்தால் பாவியுங்கள். ஒவ்வொரு தட்டிலும் தொற்றுள்ள கட்டுப்பாடு, தொற்றில்லாக் கட்டுப்பாடு, வார்ப்பில்லாக் கட்டுப்பாடு (மரபணுப் பொருள் எதுவும் சேர்க்காதது) மூன்றும் இருக்க வேண்டும்.

உமிழ்நீரைப் புதிதாக ஏற்கத் தொடங்கும் ஆய்வுகூடம், ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் எடுத்த மூக்குத் துடைப்பையும் உமிழ்நீரையும் ஜோடியாக ஒப்பிட்ட பிறகே பெறுபேறு வழங்க வேண்டும். குறைந்தது தொற்றுள்ள 30 ஜோடி, தொற்றில்லாத 30 ஜோடி என்பது வழக்கமாக எடுக்கும் அளவு. தொற்றுள்ளவற்றில் வைரஸ் குறைவான மாதிரிகளும் இருக்கட்டும். வைரஸ் நிறைந்த மாதிரிகளை எந்த முறையும் பிடித்துவிடும்.

12. பெறுபேற்றை வாசிப்பதும் சொல்வதும்

சலைவா டைரக்ட்டில் இரண்டு இலக்குகள் பார்க்கப்படுகின்றன: வைரசின் என்1 மரபணுப் பகுதி, மனித உயிரணுவிலுள்ள ஆர்.என்.ஏஸ்-பி மரபணு. என்1இன் சி.ரி. அளவு (இலக்கு தெரியவர எடுத்த பி.சி.ஆர். சுற்றுகளின் எண்ணிக்கை) 40க்குக் கீழே என்றால், மற்றது எப்படியிருந்தாலும் தொற்று உண்டு. என்1 வராமல், ஆர்.என்.ஏஸ்-பி 35க்குக் கீழே வந்தால் தொற்று காணப்படவில்லை. என்1 வராமல், ஆர்.என்.ஏஸ்-பியும் 35க்குக் கீழே வராவிட்டால் அது செல்லாத பெறுபேறு. வேறு கருவித்தொகுதி பாவித்தால் அதன் கைநூலிலுள்ள எல்லைகளையே எடுங்கள்.

செல்லாத பெறுபேற்றை "தொற்றில்லை" என்று எழுதிவிடுவது மிகப் பாரதூரமான தவறு. மனித மரபணுவே தெரியாத மாதிரியில் வைரஸ் தெரியவில்லை என்பதற்குப் பொருளில்லை. அதே குப்பியிலிருந்து ஒரு தரம் திரும்பச் செய்து, மறுபடியும் செல்லாவிட்டால் புது மாதிரி கேளுங்கள். ஒரே இடத்திலிருந்து அப்படிப் பல வந்தால் எடுத்தவரை அழைத்து வெற்றிலை, தண்ணீர், அளவு மூன்றையும் விசாரியுங்கள்.

தொற்று காணப்படவில்லை என்று வந்தும் காய்ச்சலும் இருமலும் தொடர்ந்தால் மூக்குத் துடைப்பு எடுத்து மறுபடி பார்க்க வேண்டும். மூச்சுக் கஷ்டம் இருந்தால் பெறுபேற்றுக்குக் காத்திராமல் வைத்தியசாலைக்கு. சி.ரி. எண்ணை நோயாளிக்கு நோயின் கடுமையாகச் சொல்லாதீர்கள். மாதிரி எடுத்த விதமும் நாளும் அந்த எண்ணை மாற்றும்.

பெறுபேற்றை உரியவரிடமோ பாதுகாவலரிடமோ நேரடியாகச் சொல்லுங்கள். கிராமத்து வாட்ஸ்அப் குழுவில் பட்டியலாகப் போடக்கூடாது. ஒரு வீட்டின் பெயர் அப்படி வெளியே வந்தால், அடுத்த தடவை அந்த ஊரில் குப்பியை வாங்க எவரும் கை நீட்டமாட்டார்கள்.